முத்திரைக்குள்ள புகையிற மலையும் தலைகீழாக் கவிண்ட ஏரியும்

எங்கட அம்மப்பாவின்ர முத்திரை அல்பத்தில முதல் பக்கத்தில ஒரு மூண்டு சதம் முத்திரை ஒட்டிக் கிடக்கு. சிலோன் எண்டு போட்டது, 1935 இல வந்த தொடர், அஞ்சாம் ஜோர்ஜ் மன்னரின்ர தலை சின்னனா இருக்க மிச்ச இடத்தில கூம்பு மாதிரி ஒரு மலை. நானும் மச்சானும் அப்ப எட்டு ஒம்பது வயசுப் பெடியள், மலை எண்டு ஒண்டைக் கண்ணால கண்டதில்லை, எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே மலை கீரிமலை, அங்க போனாக் கேணியும் கடலும்தான் இருக்கு, மலையைக் காணேல்ல. மச்சான் உந்த முத்திரையைப் பாத்த உடன இது எரிமலைதான் எண்டு அடிச்சுச் சொல்லிட்டான். புகை இல்லையே எண்டன். "இப்ப நித்திரை கொள்ளுது" எண்டான். சண்டை முத்தி அல்பம் கிழியிற அளவுக்கு வந்த பிறகுதான் சாய்மனைக் கதிரையில இருந்த அம்மப்பா கண்ணைத் திறந்து, "அது சிவனொளிபாதமலையடா, விசருகளே, அங்க கும்பிடத்தான் போறவை" எண்டிட்டுத் திரும்பப் படுத்திட்டார்.

மச்சான் சொன்னது பிழை எண்டாலும் முழு விசர்க்கதை இல்லை எண்டு பிறகுதான் விளங்கிச்சு. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர், தூரத்தில இருந்து பாத்தா எரிமலைக்குரிய அதே கூம்பு. ஆனா அது நெருப்பால வந்த கூம்பில்லை, சரியான பழைய பாறை, மழையும் காத்தும் அரிச்சு அரிச்சுக் கூராக்கினது. எரிமலை கூடுதலா வாறது பூமித்தட்டு ஒண்டு மற்றதுக்குக் கீழ பூருற விளிம்புகளில, நாங்கள் இருக்கிறது தட்டின்ர நடுப்பக்கம். தெற்காசியா முழுக்கத் தேடினாலும் உயிரோட இருக்கிற எரிமலை அந்தமானுக்குப் பக்கத்தில இருக்கிற பாரன் தீவு ஒண்டுதான். யாழ்ப்பாணம் எண்டா கேக்கவே தேவையில்லை, காலுக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு.

உந்தச் சண்டைக்குப் பிறகு எனக்கு எரிமலை முத்திரை எண்டா ஒரு பைத்தியம். பிறகு ஏரியும் சேந்திட்டுது, ஏனெண்டா எரிமலை இருக்கிற முத்திரையில பாதிக்கு அடியில ஒரு ஏரியும் படுத்துக் கிடக்கும். வெளிநாட்டில இருந்து பெரியப்பா சித்தப்பாமார் போட்ட கடிதத்தின்ர கவரை வெட்டி, சின்னப் பேசின்ல தண்ணியில ஊறப்போட்டு, பசை கழண்ட உடன புருவம் பிடுங்கிற ட்வீசரால எடுத்துப் பேப்பரில கவிட்டுக் காயவச்சு, பஞ்சாங்கத்துக்கு அடியில நசிச்சு எடுக்கிறது. கடிதம் வாறதே அதிசயமா இருந்த காலம் அது, அம்மாக்குக் கடிதம் எனக்குக் கவர்.

சரி, விசயத்துக்கு வாறன். எரிமலை முத்திரை எண்டா ஆரும் முதல் சொல்லுறது நிக்கராகுவாவின்ர மொமொட்டொம்போ கதைதான். பத்தில எட்டுப்பேர் அதை ஒரு பக்கம் மட்டும் சொல்லுவினம், அதால ரெண்டு பக்கத்தையும் சொல்லுறன்.

1900 இல நிக்கராகுவா ஒரு தொடர் முத்திரை விட்டது. எல்லா விலைக்கும் ஒரே படம், முன்னுக்கு ரயில் வந்து நிக்கிற இறங்குதுறை, பின்னுக்கு மனாகுவா ஏரிக் கரையில மொமொட்டொம்போ எரிமலை, வாயால புகை தள்ளிக்கொண்டு நிக்குது. எங்கட நாட்டைப் பாருங்கோ, வடிவும் இருக்கு ரயிலும் இருக்கு எண்டு காட்டத்தான் செய்தவை, கேடு ஒண்டும் நினைச்சுச் செய்யேல்ல. அந்த நேரம் அமெரிக்கா அத்திலாந்திக்கையும் பசுபிக்கையும் வெட்டித் தொடுக்க ஒரு கால்வாய்க்கு இடம் தேடிக்கொண்டு நிண்டது. ஒரு வழி நிக்கராகுவா, அங்க இருக்கிற பெரிய ஏரிக்குள்ளால கப்பலை விட்டா வெட்டுற வேலை பாதி குறையும். மற்ற வழி பனாமா, அங்க பிரெஞ்சுக்காரர் ஏற்கனவே வெட்டத் தொடங்கி, காய்ச்சலில ஆக்களைச் சாகக்குடுத்து, காசும் முடிஞ்சு, அரைகுறையில விட்டிட்டு ஓடினவை. 1902 ஜனவரியில அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை நிக்கராகுவாப் பக்கம் வாக்குப் போட்டது, 308 க்கு 2. அதைப் பாத்தா விசயம் முடிஞ்சுது எண்டுதான் ஆரும் நினைப்பினம்.

இங்கதான் பிலிப் புனோ-வரியா எண்ட பிரெஞ்சு எஞ்சினியர் வாறார். பனாமாவில வேலை செய்தவர், அந்தப் பழைய வேலையை அமெரிக்காவின்ர தலையில கட்டினாத்தான் போட்ட காசில கொஞ்சமாவது திரும்பும் எண்ட நிலைமையில இருந்தவர். 1902 மே 8 ஆம் திகதி கரீபியனில மார்த்தினிக் தீவில பெலே எரிமலை வெடிச்சு, சென் பியர் எண்ட நகரம் சில நிமிசத்தில எரிஞ்சு 28,000 பேருக்குக் கிட்டச் செத்துப்போச்சினம். அதுக்கு முதல்நாள்தான் பக்கத்து சென் வின்சென்டிலயும் சூப்ரியேர் வெடிச்சது. பத்திரிகை முழுக்க எரிமலைக் கதைதான். நிக்கராகுவாவிலயும் எரிமலை குமுறுது எண்டு பனாமாக் கட்சி சொல்ல, அப்பிடி ஒண்டும் இல்லை எண்டு நிக்கராகுவா ஆக்கள் மறுத்தவை. அப்ப புனோ-வரியாவுக்கு உந்த முத்திரை ஞாபகம் வந்திருக்கு. வாஷிங்டனில இருந்த முத்திரை வியாபாரியளிட்டப் போய் 90 முத்திரை வாங்கினார், அமெரிக்காவின்ர மேல்சபையான செனற்றில செனற்றர்மார் 90 பேர், ஆளுக்கொண்டு. ஒவ்வொண்டையும் ஒரு தாளில ஒட்டி, கீழ இது நிக்கராகுவாவின்ர எரிமலைக்கு அரசாங்கமே சொல்லுற சாட்சி எண்ட கருத்தில ஒரு வரி போட்டு, வாக்கெடுப்புக்குக் கொஞ்ச நாள் முதல் அனுப்பிவிட்டார். ஜூன் 19 இல செனற் பனாமாப் பக்கம் போச்சுது, 42 க்கு 34.

கேக்க நல்ல வடிவான கதை, ஒரு சத முத்திரை ஒரு நாட்டின்ர தலைவிதியை மாத்திப்போட்டுது எண்டு. நானும் கனகாலம் அப்பிடித்தான் ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். ஆனா கணக்கைப் பாத்தா முத்திரைக்கு முதலே காத்து மாறத் தொடங்கிட்டுது. பிரெஞ்சுக் கொம்பனி தன்ர சொத்துக்கு 109 மில்லியன் டொலர் கேட்டுக்கொண்டு நிண்டது, ஒண்டும் கிடைக்காது எண்டு கண்ட உடன 40 மில்லியனுக்கு இறங்கிட்டுது. அந்த விலைக்குப் பிறகு அமெரிக்காவின்ர ஆய்வுக் குழுவே தன்ர சிபாரிசைப் பனாமாவுக்கு மாத்தினது. மார்க் ஹன்னா எண்ட செல்வாக்கான செனற்றர் ஜூன் மாதம் செனற்றில நிண்டு பெரிய வரைபடங்களை மாட்டி மணித்தியாலக் கணக்காப் பேசினவர். முத்திரை கடைசியாப் போட்ட ஒரு குத்து, அவ்வளவுதான். ஆனா எட்டு வாக்கு வித்தியாசம் எண்டேக்க கடைசிக் குத்தும் குத்துத்தானே. இன்னொண்டு, மொமொட்டொம்போ கால்வாய் போகவேண்டின பாதையில இருந்து நூறு மைலுக்குக் கிட்டத் தள்ளி நிண்டது. முத்திரையில அதை ஆர் பாக்கிறது? ஒரு அங்குலத்துக்குள்ள தூரம் தெரியாது. பனாமாவையும் 1882 இல ஒரு பெரிய நிலநடுக்கம் குலுக்கினதுதான், அதை ஒருத்தரும் முத்திரையில அடிக்கேல்ல, அதால செனற்றருக்கு அனுப்பவும் ஒண்டும் இல்லை. மொமொட்டொம்போ உண்மையா வெடிச்சது 1905 இல. பிறகு நூறு வருசத்துக்கு மேல பேசாமக் கிடந்திட்டு 2015 டிசம்பரில திரும்ப எழும்பினது.

ஏன் முத்திரையில எரிமலையைப் போட்டவை எண்டு கேட்டா அதுக்கொரு காரணம் இருக்கு. 1840 இல பிரிட்டன் முதல் முத்திரை விட்டபோது விக்டோரியா ராணியின்ர தலை. சிலோனுக்கு 1857 இல வந்த முதல் முத்திரையிலயும் அதே ராணி. மகுடத்துக்குக் கீழ இருந்த நாடுகளுக்கு என்ன படம் போடுறது எண்ட யோசனையே இல்லை, ராணி செத்தா ராசா, ராசா செத்தா அவற்ற மகன். மத்திய அமெரிக்காவில ஸ்பெயினிட்ட இருந்து பிரிஞ்ச குடியரசுகளுக்கு ராசா இல்லை. ஜனாதிபதியின்ர தலையைப் போட்டா அடுத்த வருசம் ஆள் இருப்பாரோ தெரியாது. மலைதான் இடம்மாறாம நிக்கும். 1862 இல நிக்கராகுவாவின்ர முதல் முத்திரையில மலைத்தொடர், 1867 இல எல் சல்வடோரின்ர முதல் முத்திரையில சான் மிகேல் எரிமலை, அதுக்கு மேல 11 நட்சத்திரம். சிலோனில நாங்கள் படத்தோட ஒரு பொதுத் தொடரைக் காண 1935 மட்டும் காத்துக்கிடந்தம், அப்பவும் ராசா தலையைக் கழட்டேல்ல, மலைக்குப் பக்கத்தில தானும் நிண்டார்.

இன்னொரு காரணம் கொஞ்சம் தொழில் சம்பந்தமானது. அந்தக் காலத்து முத்திரை உலோகத் தகட்டில ஊசி மாதிரி உளியால கோடு கோடாக் கீறி, கோட்டுக்குள்ள மையை நிரப்பி, தாளை வச்சு அழுத்தி எடுக்கிறது. கோடுதான் மொழி, வேற ஒண்டும் இல்லை. கூம்புக்கு ரெண்டு சரிவுக்கோடு, ஒரு பக்கத்துக்கு நெருக்கமாக் கோடு போட்டா நிழல், மேல கொஞ்சம் சுருளாப் புகை, சரி, எரிமலை வந்திட்டுது, தபால்காரர் அஞ்சடி தள்ளி நிண்டு பாத்தாலும் விளங்கும். ஏரி அப்பிடியில்லை. தண்ணியைக் கோட்டால காட்டுறது எண்டா கிடைக்கோடு கிடைக்கோடாப் போட்டு, வெளிச்சம் விழுற இடத்தில கோட்டை உடைச்சு வெள்ளையா விடோணும். கோடு கூடினா வயல் மாதிரி இருக்கும், குறைஞ்சா வெறும் தாள். அதாலதான் ஏரியைப் போட்ட ஆக்கள் கரையில ஒரு மரத்தையோ பாய்விரிச்ச தோணியையோ சேத்து வைக்கினம். 1935 இல கென்யா, உகண்டா, தங்கனிக்கா மூண்டுக்கும் பொதுவா வந்த தொடரில விக்டோரியா ஏரி இருக்கு, ஆனா கண் போறது அதில மிதக்கிற தோவு எண்ட பாய்ப்படகுக்குத்தான். அதே தொடரில கிளிமஞ்சாரோவும் இருக்கு, அதுவும் எரிமலைதான், 5,895 மீற்றர், தோணி கீணி ஒண்டும் தேவைப்படேல்ல, தனிய நிக்குது.

ஏரியை வச்சு உண்மையா விளையாடினது எண்டா நியூசிலாந்து. 1898 ஏப்ரலில அவை விட்ட படத்தொடர் லண்டனில அச்சடிச்சது. ரெண்டரைப் பென்ஸ் முத்திரையில வக்காட்டிப்பு ஏரி. லண்டனில இருந்து கீறினவருக்கு மாவோரிப் பேர் எங்க தெரியப்போகுது, வக்கிட்டிப்பு எண்டு வெட்டிப்போட்டார், கப்பலில வந்து இறங்கின பிறகுதான் கண்டுபிடிச்சினம். பேந்து திருத்தி அடிச்சவை. எங்கட ஊர்ப் பேரை வெளியில இருந்து எழுதுறவை சிதைக்கிறதைப் பாத்துப் பழகின எனக்கு உது ஒரு ஆறுதல் மாதிரி.

அதே தொடரில ஒரு பென்ஸ் முத்திரையில தௌப்போ ஏரி, நாலு பென்ஸில வெள்ளைப் படிமேடை. தௌப்போ ஏரி பாக்க அமைதியான தண்ணி, 600 சதுரக் கிலோமீற்றருக்கு மேல பரப்பு, ஆனா அது ஏரி மாதிரிக் கிடக்கிற எரிமலை. இருபத்தையாயிரம் வருசத்துக்கும் முதல் அங்க நடந்த வெடிப்பு உலகத்தில மனிசர் இருந்த காலத்து வெடிப்புகளில மிகப்பெரிய வகை, உள்ளுக்கு இருந்த குழம்பு வெளிய கொட்டுப்பட்ட பிறகு மேல்தரை கூரை இடிஞ்ச மாதிரிக் கீழ விழுந்து, அந்தக் குழிக்குள்ள தண்ணி நிரம்பினதுதான் இண்டைக்கு ஆக்கள் மீன்பிடிக்கிற ஏரி. எரிமலையும் ஏரியும் ஒரே முத்திரைக்குள்ள அடிக்கடி வாறதின்ர ரகசியம் உதுதான், கன இடத்தில ஒண்டின்ர பிள்ளை மற்றது. அமெரிக்கா 1934 இல விட்ட தேசியப் பூங்காத் தொடரில ஆறு சத முத்திரையில வாற கிறேற்றர் லேக்கும் அப்பிடித்தான், மசாமா எண்ட மலை 7,700 வருசத்துக்குக் கிட்ட முதல் இடிஞ்சு விழுந்த குழி, ஆழம் 594 மீற்றர். எங்கட நவக்கிரி நிலாவரைக் கிணத்துக்கு ஆழமே இல்லை எண்டு சொல்லித்தான் எங்களை வளத்தவை, அதுவும் உள்ளுக்குச் சுண்ணாம்பு கரைஞ்சு தரை இறங்கின குழிதான், ஆனா நெருப்பு வேலை இல்லை, மழைத்தண்ணி வேலை.

வெள்ளைப் படிமேடை எண்டது சுடுதண்ணி ஊத்தில இருந்து வந்த சிலிக்கா படிஞ்சு படிஞ்சு மாபிள் படி மாதிரி அடுக்கடுக்கா இறங்கின ஒரு அதிசயம். பக்கத்தில இளஞ்சிவப்பில இன்னொண்டும் இருந்தது. உலகம் முழுக்க இருந்து ஆக்கள் கப்பலேறிப் பாக்க வந்தவை. 1886 ஜூன் 10 இரவு தரவேரா எரிமலை வெடிச்சு ரெண்டையும் துடைச்செறிஞ்சிட்டுது, அதோட கிட்டத்தட்ட 120 சனமும் செத்தது. அப்ப பாருங்கோ, 1898 இல முத்திரை வரேக்க அந்த இடம் இல்லாமப் போய் பன்ரெண்டு வருசம். வாங்கோ வந்து பாருங்கோ எண்டு விட்ட தொடரில, பாக்கவே ஏலாத ஒரு இடம். நான் அதைப் பிழை எண்டு நினைக்கேல்ல. இடிஞ்ச வீட்டின்ர படத்தை ஹோலில மாட்டி வச்சிருக்கிற குடும்பம் எங்கட பக்கம் எத்தினை இருக்கு.

1900 இல ரெண்டு படத்தையும் இடம்மாத்தி, தௌப்போ ஏரியை நாலு பென்ஸுக்குக் கொண்டுபோச்சினம். அது ரெண்டு நிற முத்திரை, சட்டம் ஒரு நிறம், நடுப்படம் இன்னொரு நிறம், அதால தாள் ரெண்டுதரம் மிசினுக்குள்ள போகோணும். ரெண்டாந்தரம் ஆரோ ஒரு தாளைத் தலைமாறி வச்சிட்டினம். சட்டமும் எழுத்தும் சரியா நிக்க ஏரி மட்டும் கவிண்டுபோய்க் கிடக்குது, வானம் கீழ தண்ணி மேல. அந்தத் தாளில மிச்ச முத்திரை எங்க போச்சுதோ, கைக்கு வந்தது ஒண்டே ஒண்டுதான், அதுவும் 1904 இல பிக்டன் எண்ட ஊரில சீல் குத்துப்பட்டது. கவரில ஒட்டினவரும் கவனிக்கேல்ல, சீல் அடிச்சவரும் கவனிக்கேல்ல, ஏரியாச்சே, கவிட்டு வச்சாலும் ஒரே மாதிரித்தானே. 1998 இல நியூசிலாந்துத் தபால் நிறுவனம் அதை ஏலத்தில வாங்கினது, இப்ப வெலிங்டனில தே பாப்பா மியூசியத்தில இருக்கு. அது எரிமலைக் கூம்பா இருந்திருந்தா முதல்நாளே பிடிபட்டிருக்கும் எண்டது என்ர அபிப்பிராயம். எங்கட 1935 தொடரும் ரெண்டு நிறம்தான், அம்மப்பாவின்ர முத்திரை எல்லாத்தையும் நான் லென்ஸ் வச்சுக் கவிட்டும் நிமித்தியும் பாத்தனான், ஒண்டும் அம்பிடேல்ல.

பிலிப்பைன்ஸ்காரர் கதை சின்னது, ஆனா விட ஏலாது. 1932 தொடரில ரெண்டு சத முத்திரையில மயோன் எரிமலை, அச்சு அசல் கூம்பு, பிழை பிடிக்க ஏலாது. அதே தொடரில 18 சதத்தில பக்சன்ஹான் நீர்வீழ்ச்சி எண்டு பேர் போட்டு அடிச்சது உண்மையில அமெரிக்காவில கலிபோர்னியாவில இருக்கிற வேர்ணல் நீர்வீழ்ச்சி. தண்ணி எண்டா எல்லாம் ஒரே தண்ணிதான் எண்டு நினைச்சினமோ என்னவோ.

எரிமலை, ஏரி, தபால் மூண்டும் ஒண்டாச் சேந்த இடம் எண்டா பசுபிக்கில தொங்காவுக்குச் சொந்தமான நியுவாஃபோ தீவு. முழுத்தீவும் கடலுக்குள்ளால தலை நீட்டின எரிமலை வாய், நடுவில பெரிய ஏரி, வரைபடத்தில பாத்தா உழுந்துவடை மாதிரி, ஓட்டைக்குள்ள தண்ணி. கரை முழுக்க எரிமலைக் குழம்பு இறுகின பாறை, கப்பல் நங்கூரம் போட இடமே இல்லை. அதால 1882 அளவில இருந்து என்ன செய்தவை எண்டா, கப்பலில இருந்து கடிதத்தைப் பிஸ்கட் ரின்னுக்குள்ள போட்டு அடைச்சுக் கடலுக்குள்ள எறியிறது, தீவில இருந்து ஆக்கள் மிதக்கிற தடியைப் பிடிச்சு நீந்திப் போய் எடுத்துக்கொண்டு வாறது. போற கடிதத்தை எண்ணெய்த்தாளில சுத்தித் தடியின்ர நுனியில கட்டி நனையாமக் கொண்டுபோறது. 1931 இல நீந்தின ஒருத்தரைச் சுறா கொண்டுபோனதுக்குப் பிறகு நீந்திறதை நிப்பாட்டி வள்ளத்துக்கு மாறினவை. அங்க இருந்த ஒரு ஜேர்மன் வியாபாரி கடிதத்துக்கெல்லாம் தகரப்பேணித் தபால் எண்டு கனபாசையில சீல் குத்திவிட, உல்லாசக் கப்பலில வந்தவை அதுக்காகவே கடிதம் போட்டவை. 1946 செப்ரெம்பரில எரிமலை வெடிச்சுத் தபால் கந்தோர் இருந்த ஊரே அழிஞ்சுபோச்சுது, டிசம்பரில முழுச் சனத்தையும் ஏத்தி வேற தீவில குடியேத்தினவை. சனம் 1958 இல திரும்பி வந்தது. 1983 இல இருந்து அந்தச் சின்னத் தீவுக்கெண்டு தனி முத்திரையே இருக்கு, ரின்னும் நீந்திற ஆக்களும் அதில வராம இருக்குமோ?

உதை வாசிக்கேக்க எனக்குக் குறிகட்டுவான் இறங்குதுறைதான் கண்ணுக்கு வரும். நெடுந்தீவுக்குப் போற வள்ளத்தில சனம், சைக்கிள், காஸ் சிலிண்டர், கோழிக்கூடு, அதுக்கு நடுவில தபால் பை. கடல் அடிக்கிற நாளில வள்ளம் இல்லை எண்டா கடிதமும் இல்லை. சுறாவுக்குப் பயமில்லை எண்டதைத் தவிர யோசிச்சா ஒரே கதைதான்.

இடம்பெயர்ந்து திரும்பி வந்ததுக்கு முத்திரை விட்ட இன்னொரு இடமும் இருக்கு. தென் அத்திலாந்திக்கில திறிஸ்தான் டா கூன்யா, 1961 இல ஊருக்குப் பக்கத்திலயே எரிமலை வெடிக்க 260 சொச்சம் சனத்தையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோச்சினம். செயின்ற் ஹெலினா தீவு அவைக்கு உதவிக் காசு சேக்க எண்டு நாலு முத்திரையில நிவாரணம் எண்டு மேலச்சு அடிச்சு விக்கத் தொடங்கி, ஒரு கிழமைக்குள்ள மேலிடம் நிப்பாட்டச் சொல்லிட்டுது, அதுக்குள்ள வித்தது 434 செற். இண்டைக்கு அதை வாங்கிற விலைக்கு இஞ்ச காணி வாங்கலாம் போல. 1963 இல சனம் திரும்பிப் போச்சுது, இங்கிலாந்தில வேலை, வீடு, ரி.வி எல்லாம் இருந்தும் கூடப்பேர் ஊருக்கே போகோணும் எண்டு நிண்டவை. அதுக்கு மீள்குடியேற்றம் 1963 எண்டு மேலச்சு அடிச்ச முத்திரை. மீள்குடியேற்றம் எண்ட சொல்லை நாங்கள் பதிவுப் படிவத்திலதான் கண்டனாங்கள், முத்திரையில காணேல்ல.

எரிமலைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்த காலத்திலதான் 2010 ஏப்ரல் வந்தது. ஐஸ்லாந்தில எய்யாஃபியத்லயோகுத்ல் வெடிச்சு (அந்தப் பேரை நான் இண்டைக்கும் வாயால சொல்லுறதில்லை, எழுதுறதோட சரி) சாம்பல் முகில் ஐரோப்பாவை மூட, விமானமெல்லாம் ஒரு கிழமைக்குக் கிட்ட நிண்டுபோச்சுது. எங்கட சொந்தத்துக்குள்ள ஒரு கலியாணம், ஜேர்மனியில இருந்து வரவேண்டின பெரியம்மா குடும்பம் விமான நிலையத்தில ரெண்டு நாள் படுத்திட்டு வீட்டை திரும்பிட்டினம், கூறைச்சீலையும் அவையளின்ர சூட்கேஸுக்குள்ள. இஞ்ச யாழ்ப்பாணத்தில மணவறை சோடிச்சாச்சு. கடைசியில ஒரே நாளில ரவுணுக்குள்ள ஓடித்திரிஞ்சு வேற கூறை எடுத்தது. எரிமலையே இல்லாத ஊரில எரிமலையால கூறை மாறினது.

அந்த வருசம் ஜூலையில ஐஸ்லாந்துத் தபால் அந்த வெடிப்புக்கு மூண்டு முத்திரை விட்டது. அதில விசேஷம் என்னெண்டா, உண்மையான எரிமலைச் சாம்பலை, ஏப்ரல் 17 இல விழுந்த சாம்பலை, மாவா அரைச்சு முத்திரைக்கு மேலயே அச்சடிச்சவை. பெரியம்மா அதில ஒரு செற் எனக்குத் தேடி அனுப்பினவ, உன்ர பைத்தியத்துக்கு இது எண்டு ஒரு துண்டு எழுதி. விரல் நுனியால தடவினா மெல்லிசா உப்புத்தாள் மாதிரிச் சொரசொரக்குது. நாலஞ்சு தரம் தடவிப் பாத்திட்டு, உதிர்ந்திடுமோ எண்டு பயத்தில பிளாஸ்ரிக் உறைக்குள்ள போட்டிட்டன்.

ஆனா எரிமலை இலங்கையைத் தொட்டது அதுதான் முதல்தரம் இல்லை. 1883 ஓகஸ்ற் கடைசியில கிரக்கட்டோவா வெடிக்க, கடல் அலை இந்து சமுத்திரம் தாண்டி இஞ்ச வந்தது, காலியில கடல் உள்வாங்கித் தரை தெரிஞ்சதாப் பதிஞ்சிருக்கினம். கிழக்குக் கரையில பாணமையில ஒரு மனிசியை அலை அடிச்சுச் செத்தது, வெடிச்ச இடத்துக்கு ஆகத் தூரத்தில நடந்த சாவு அதுதான் எண்டு சொல்லுவினம். பாணமையும் இங்கிலிசில எழுதினா அந்தக் கால்வாய் பனாமா மாதிரித்தான் வரும். கடல் உள்வாங்கிறது எண்டா என்ன எண்டு 2004 மார்கழிக்குப் பிறகு எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எரிமலை இல்லை, சரி. ஏரி? எங்கட பேச்சில ஏரி எண்டாலே கடல்நீரேரிதான், உப்புத்தண்ணி, றால் பிடிக்கிற இடம். நல்லதண்ணி எண்டா குளம், அதை மனிசர் கட்டினது. இந்த நாட்டில பெரிசா இயற்கை ஏரி எண்டு காட்ட ஒண்டுமில்லை, அதால 1935 தொடரில அவை போட்டது ஏரி இல்லை, குளம். முப்பது சத முத்திரை. காற்றலொக்கில அதுக்குப் பேர் பழங்கால நீர்ப்பாசனக் குளம் எண்டுதான் இருக்கும், எந்தக் குளம் எண்டு இருக்காது. ஏரி முத்திரை சேக்கிறவை சிலபேர் இதைச் சேக்க மாட்டினம், அணைகட்டித் தேக்கினது ஏரி இல்லையாம். அப்பிடிப் பாத்தா பனாமாக் கால்வாயின்ர நடுவில கப்பல் மிதக்கிற கட்டூன் ஏரியும் ஆறு ஒண்டை மறிச்சுக் கட்டின குளம்தான், எரிமலையைக் காட்டித் தோக்கடிச்ச வழிக்குக் கடைசியில குளம்தான் கைகுடுத்தது.

போன தைப்பொங்கலுக்கு மச்சான் ரொறன்ரோவில இருந்து வந்து நிண்டான். அல்பத்தை எடுத்துப் போட்டம். மூண்டு சதத்தைக் காட்டி, "இன்னும் நித்திரைதான் போல" எண்டு சிரிச்சான். பிறகு முப்பது சதத்துக்கு வர, முன்வீட்டு மாஸ்ரர், மன்னாரில கனகாலம் படிப்பிச்ச மனிசன், லென்ஸை இஞ்ச தாரும் தம்பி எண்டு வாங்கி, கண்ணாடியையும் கழட்டிப்போட்டு ரெண்டு நிமிசம் உத்துப் பாத்திட்டு, "இது கட்டுக்கரைக் குளம்" எண்டார். எப்பிடி மாஸ்ரர் சொல்லுறியள், அதில பேர் ஒண்டும் இல்லையே எண்டன். "நான் அந்தக் கட்டில எத்தினை வருசம் சைக்கிள் ஓடினனான், எனக்குத் தெரியாதோ" எண்டார். மச்சான் உடன, இல்லை மாஸ்ரர், இது அனுராதபுரம் பக்கத்துக் குளம் எண்டு தொடங்கினான். அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வச்சு, அது ஆறி, ஆடையும் பிடிச்சிட்டுது.